இன்னும் செய்யப்படாத ஒரு புஷ்

உப்புமாவில் முந்திரிப்பருப்பு கிடந்தால் நீங்களும் நானும் சந்தோஷப்படுவோம். அவர் விசாரிப்பார். கரண்டி நுனியில் அதை ஏந்தி, கேன்டீன் ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்து, "இது இங்க எப்படி வந்துச்சு?" என்பார். எங்கள் கேன்டீனின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் புரியும். ஆனால் கேட்டதோடு விடமாட்டார். சமையல்காரரைத் தேடி உள்ளே போவார். மேனேஜர்களுக்காகப் பக்கத்து அடுப்பில் கிண்டிய கேசரியிலிருந்து கரண்டி வழியாக அந்த முந்திரி குடிபெயர்ந்தது என்று தெரிந்த பிறகுதான் தட்டுக்குத் திரும்புவார். அதற்குள் உப்புமா இறுகித் தானே ஒரு தொல்பொருளாகியிருக்கும். மேனேஜர்களுக்குக் கேசரி தனியாக நடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியவந்தது அப்படித்தான். மறுநாளிலிருந்து கேசரி கதவைச் சாத்திக்கொண்டு கிண்டப்பட்டது.

ஓசூர்த் தொழிற்பேட்டையில், லாரிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் தரப் பரிசோதனைப் பிரிவின் தலைவர். நான் திட்டமிடல் பிரிவு. அதாவது, நேற்று முடிந்திருக்க வேண்டிய வேலை நாளையும் ஏன் முடியாது என்று அழகாக எழுதி மேலே அனுப்புகிற உத்தியோகம். படித்த படிப்பெல்லாம் இதற்குத்தானா என்று ஆரம்பத்தில் வருத்தமாக இருந்தது. பிறகு, இதற்குக்கூடப் போதவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

அவருக்கு அந்தக் கேள்வி நான்கு மொழிகளில் வரும். எல்லையோர ஊர், தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் இல்லாமல் காய்கறி வாங்க முடியாது. வடக்கிலிருந்து வந்த பையன்களுக்காக இந்தியிலும் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கற்றிருந்தார். வேறு இந்தி தெரியாது. பதில் இந்தியில் வந்தால் என்ன செய்வார் என்று ஒருமுறை கேட்டேன். "முகத்தைப் பார்ப்பேன் சார்" என்றார்.

பெட்டி நிறைய ஒரே மாதிரி பாகங்கள் இருக்கும். நடுவில் வேறொரு பாகம் ஒன்று கிடக்கும். மற்றவர்கள் அதைப் பொறுக்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அவரால் முடியாது. "தப்பான பொருள்னு ஒண்ணு கெடையாது சார். தப்பான எடந்தான் உண்டு. எடம் மாத்தி வெச்சது ஒரு கை. அந்தக் கை யாருதுன்னு கேக்க வேணாமா?" கை எப்படியும் கிடைத்துவிடும். பெரும்பாலும் அது ஒரு ஒப்பந்தத் தொழிலாளியின் உடம்போடு ஒட்டியிருக்கும். அப்படிக் கிடைத்த சிலர் அடுத்த மாதம் வேலைக்கு வரவில்லை. அவர் கொடுமைக்காரர் கிடையாது. பொருளிலிருந்து ஆள் வரைக்கும் போய்ச் சேர்வதுதான் அவர் வேலை, ஆளை என்ன செய்வது என்பது வேறு இலாகா. அவர் நடந்து வரும்போது எந்திரங்களின் முன்னால் நின்றவர்கள் தங்கள் கைகளை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள்.

பயப்படாதவள் சங்கீதா ஒருத்திதான். கல்லாவிப் பக்கத்துப் பெண், ஒப்பந்தத்தில் இருந்தாள். பாகங்களின் மேல், செய்த வருடத்துக்கான எழுத்தைக் குத்துகிற எந்திரம் அவளுடையது. ஒருநாள் பெட்டிக்குள் கிடந்த கொண்டை ஊசியோடு அவர் அவள் முன்னால் போய் நின்றார்.

"இது இங்க எப்படி வந்துச்சு?"

"நடந்து வந்துச்சு சார். பஸ்ஸு கெடைக்கல போல."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை விழுங்கினார்கள். அவர் சிரிக்காமல் ஊசியையும் அவள் கொண்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "நடந்து வந்தா வழில எண்ணெய் பட்டிருக்கணுமே" என்றார். அது நகைச்சுவையா விசாரணையா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. சங்கீதா தன் மகளை ஊரில் அம்மாவிடம் விட்டிருந்தாள். வேலை நிரந்தரமானதும் கூட்டிவந்து ஓசூரிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தாள், அவரிடமும் கூட.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வரலாற்றையே விசாரணைக்கு எடுத்துக்கொண்டார். பாறைக்குள் திருகாணி, கல்லறைக்குள் கைக்கடிகாரம் என்று வாட்ஸப்பில் படங்கள் சுற்றுமே, அவற்றை நாமெல்லாம் அடுத்தவர் தலையில் தள்ளிவிட்டு மறந்துவிடுவோம். அவர் மறக்கமாட்டார். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் அவருடையது. அது என் படிப்புக்குக் கிடைத்த தண்டனை.

"காலத்துல பின்னாடி போற வித்தை என்னிக்காவது ஒருநாள் வந்துரும்னு வெச்சுக்குங்க. போறவன் மனுசந்தான? எதையாச்சும் விட்டுட்டு வருவான். நம்ம பஸ்ஸுலயே வாரா வாரம் டிபன் பாக்ஸ் கெடக்குது. ஆயிரம் வருசம் பின்னாடி போறவன் ஒரு பேனா மூடியக்கூட விடமாட்டானா?"

நான் படித்ததையெல்லாம் திரட்டிச் சொன்னேன். எலி வளை தோண்டும், மனிதன் கிணறு வெட்டுவான், மரத்தின் வேர் அழுகி ஓட்டையாகும். நேற்று விழுந்த பேனா மூடி ஆயிரம் வருட மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ள ஆயிரம் வழி இருக்கிறது.

"அந்த வழியெல்லாத்தையும் அடைச்சுட்டுத்தான் சார் பேசணும்" என்றார், உற்சாகமாக.

"இன்னொரு சிக்கலும் இருக்கு. வருங்காலத்துப் பொருள்னா நமக்கு அது என்னன்னே தெரியாதே? பார்த்ததும் தெரிஞ்சா அது நம்ம காலத்துப் பொருள்தானே?"

இறங்கும்வரை அவர் கால் ஆடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை பஸ்ஸில் ஏறும்போதே பதிலோடு வந்தார். "நாம செய்யிற பொருளா இருக்கணும் சார். இன்னும் வராத தேதி அதுல குத்தியிருக்கணும். அப்படி ஒண்ணு வந்தா ஒத்துக்குவேன். மத்ததெல்லாம் கதை."

அப்படியும் கதைகளைத் தேடிப் போவதை நிறுத்தவில்லை. ஜவளகிரிப் பக்கம் ஒரு நடுகல்லில் வீரன் செல்போன் பேசுகிறான் என்று யாரோ படம் அனுப்ப, என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். அவர் வீட்டம்மா வாசலில் நின்று, "கூட்டிட்டுப் போங்க சார், புண்ணியமா போகும். எங்கூட்ல சாம்பார்ல ஒரு பூண்டுப் பல்லு கூடுதலா இருந்தா எனக்கு நிம்மதி கெடையாது" என்று வழியனுப்பினார்.

காட்டோர ராகி வயலின் மூலையில் கல் நின்றது. வலக்கையில் வாள். இடக்கையில் ஏதோ சதுரமாக, காதோரம். அவர் உருப்பெருக்கியோடு மண்டியிட்டுவிட்டார். வயல்காரர், யானைக்குக் காவலிருந்த தூக்கக் கண்களோடு வந்து சேர்ந்தார்.

"போனுங்களா? எம் மகன் அப்டித்தான் சொல்றான்."

"உங்களுக்கு என்னான்னு தோணுது?"

"எனக்குச் சின்ன வயசுல ரேடியோன்னு சொன்னாங்க. டிரான்சிஸ்டரு இருக்குமில்ல, காதுல வெச்சுக் கேப்பாங்களே, அது."

"உங்க அப்பா?"

"அவரு சீப்புன்னுவாரு." கொஞ்சம் யோசித்து, "சாமிக்குத் தலை சீவி வுட்டுட்டுத்தான் சண்டைக்கு அனுப்புவாங்களாம்" என்று சேர்த்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் நான் பைக்கின் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன். கல் நின்ற இடத்திலேயே நிற்கிறது, காலத்தில் பயணம் செய்வது பார்ப்பவர்கள்தான் என்று ஒரு வாக்கியம்கூட அமைத்தேன். அவர் காதில் வாங்கவில்லை. "சீப்புன்னா பல்லு செதுக்கியிருக்கணுமே" என்றார் தளி தாண்டும்போது.

இனி அந்தத் திங்கட்கிழமை. பை ஒன்றை அணைத்தபடி என் மேஜைக்கு வந்து, உள்ளிருந்து ஈரத்துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தார். தேங்காய் அளவுக் கல். கருப்பும் துருச்சிவப்புமாக, சுத்தியலால் பிளந்த ஒரு பக்கத்தில் புஷ் ஒன்று பாதி புதைந்திருந்தது. புஷ் என்பது கனமான இரும்பு வளையம், லாரிச் சக்கரத்தின் அருகில் எங்கேயோ உட்காரும். நாங்கள் நாள் முழுக்கச் செய்வது அதைத்தான். சூளகிரிப் பக்கம் கைவிட்ட கல்குவாரிப் பள்ளத்தில் கிடைத்ததாம்.

"எழுத்தைப் பாருங்க சார்."

ஒவ்வொரு வருடத்துக்கும் ஓர் எழுத்து குத்துவோம். அந்த வருடத்துக்கு ஆர். அடுத்த வருடத்துக்கு எஸ். கல்லுக்குள் இருந்த புஷ்ஷில் டி.

"காலையிலயே வந்து அளந்துட்டேன். உள்விட்டம், வெளிவிட்டம், கடினம், எல்லாம் நம்ம வரைபடத்துக்குள்ள இருக்கு. நம்ம புஷ்தான் சார்." குரல் தாழ்ந்தது. "நாம இன்னும் செய்யல. அவ்ளோதான்."

ஒரு மனிதர் இத்தனை சந்தோஷமாக இருந்து அந்தக் கட்டடத்துக்குள் நான் பார்த்ததில்லை. சம்பள நாளில்கூட இல்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கல்லைத் தூக்கிக்கொண்டு ஜி.எம். அறைக்கு ஓடிவிட்டார்.

எங்கள் ஜி.எம். மைசூர்க்காரர். லாரி கேட்டைத் தாண்டும் நேரம் ஒன்றைத் தவிர வேறு காலத்தில் நம்பிக்கையில்லாதவர். கல்லை ஒருமுறை பார்த்தார். "நம்ம பொருள். எழுத்து தப்பு. கேட்டுக்கு வெளியே சிக்கியிருக்கு. யாரோ தப்பு பண்ணி ஒளிச்சிட்டாங்க. கஸ்டமர் கண்ல பட்டா என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை மீட்டிங். பேரு வேணும்." வேலை முடிந்தது. பிறந்தநாளன்று திட்டு வாங்கிய குழந்தைபோல அவர் வெளியே வந்தார்.

அன்றிலிருந்து மூன்று நாள் அவர் அலைந்த அலைச்சலை நான் பார்த்தேன். வழக்கமான விசாரணைதான், அதே கேள்விதான். ஆனால் முதல்முறையாக, கை கிடைக்கக்கூடாது என்ற வேண்டுதலோடு விசாரித்தார். எழுத்து அச்சுகளின் பெட்டியைத் திறந்து பார்த்தார், டி இருந்தது. வேறொரு வாடிக்கையாளருக்குப் போகும் புஷ்ஷில் டி வருடத்தைக் குறிக்காது, அது வேறு கணக்கு, அதற்காக வாங்கிய அச்சு. அதைப் பார்த்ததும் முகம் ஒரு சுற்று இறங்கியது. "அச்சு இருந்தா மட்டும் குத்திட்டாங்கன்னு அர்த்தமா சார்?" என்று என்னிடம் சண்டை பிடித்தார். அந்த வாக்கியத்தை வேறு எவனாவது அவரிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மதியம் சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சங்கீதா எந்திரத்துக்குப் பின்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்திருந்தாள்.

"சங்கீதா, இந்த டி எழுத்து..."

"நான்தான் சார்."

"நான் இன்னும் கேக்கவே இல்லம்மா."

"கேப்பீங்க. நீங்க கேக்காம வுட்டது இன்னா இருக்குது?" டப்பாவை மூடினாள். "அந்த வடக்கத்திக் கம்பெனி சரக்கு ஓடிக்கினு இருந்துச்சு. முடிஞ்சு நம்ம லாரி சரக்கு ஏத்துனாங்க. எழுத்து மாத்த மறந்துட்டன். அரை டிரே குத்தனப்புறந்தான் பாத்தன். சூப்பர்வைசராண்ட சொல்லத்தான் போனன். அன்னிக்குத்தான் பெர்மனன்ட் லிஸ்ட்டுல எம் பேரு இருக்குதுன்னாங்க. வாயத் தொறக்காம திரும்பி வந்துட்டன். எல்லாத்தயும் சேத்து ட்ரம்முல கொட்டி மூடிட்டன்."

இரும்பைத் தேய்க்கும்போது விழுகிற பொடியும் எண்ணெய் நீரும் கலந்த சேறு ட்ரம்மில் சேரும். லாரிக்காரன் அதைக் கொண்டுபோய் கிரானைட் அறுக்கும் பட்டறைகளின் கல்மாவு கொட்டுகிற அந்தச் சூளகிரிப் பள்ளத்தில் சாய்த்திருக்கிறான். இரும்புப்பொடி துருப்பிடித்துக் கல்மாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பாறையாகிவிட்டது. அதற்கு ஆயிரம் வருடம் தேவைப்படவில்லை, இரண்டு மழை போதுமாயிருந்தது.

"கல்லாவே ஆயிடுச்சேம்மா" என்றார், கடைசி நம்பிக்கையாக.

"அது எனக்கு எப்டி சார் தெரியும்? நாயித்துக்கெழம ஆனா அவனவன் கறி எடுத்து ஆக்கித் தின்னுட்டுத் தூங்கறான். நீங்க எதுக்கு சார் பள்ளத்துல எறங்கிக் கல்லு பொறுக்கறீங்க?"

அவள் எழுந்தாள். "எழுதிக்குங்க. புள்ளயாண்ட அடுத்த மாசம் கூட்டியாறன்னு சொல்லி வெச்சிருக்கன். இல்லன்னு சொல்லிக்கறன்." குழாயடிக்குப் போய் டப்பாவைக் கழுவ ஆரம்பித்தாள். அந்தச் சின்ன டப்பாவுக்கு அத்தனை நேரக் கழுவல் தேவையில்லை.

வியாழக்கிழமை அவர் தொழிற்சாலையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நடுவில் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"நீங்க நெறைய படிச்சவரு. பேரு சொல்லாம எப்படி சார் முடிக்கிறது?"

"தெரியலன்னு சொல்லிடுங்க."

"தெரியலன்னா வேற ஆளை வெச்சு விசாரிப்பாங்க. அரை மணி நேரத்துல அந்தப் பொண்ணுகிட்ட வந்து நின்னுருவான். பதில் இருக்கணும் சார். அதுக்கு மேல யாரும் தோண்டக் கூசுற மாதிரி பதிலா இருக்கணும்."

என் படிப்பில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை. எந்த வேலை ஏன் முடியாது என்று எழுதுவதில்தான் எனக்குப் பயிற்சி.

வெள்ளிக்கிழமை மேஜை நடுவில் கல் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் நாங்கள், டீ, பிஸ்கட்.

"பேரு?" என்றார் ஜி.எம்.

"பேரு இல்ல சார். இது இன்னும் நடக்கல."

"என்ன நடக்கல?"

அவர் எழுந்து, அளவுகளை வழக்கமான குரலில் ஒவ்வொன்றாக வாசித்தார். எல்லாம் நம் வரைபடத்தின்படி. எழுத்து டி. ஆகவே இது இன்னும் இரண்டு வருடம் கழித்து நாம் செய்யப்போகும் புஷ். இப்போதே கல்லுக்குள் இருக்கிறது. ஆகவே செய்த பிறகு பின்னோக்கிப் போயிருக்கிறது. "இன்னும் நடக்காத தப்புக்கு இப்ப யார் மேல சார் நடவடிக்கை எடுக்க முடியும்?"

டீ குடித்துக்கொண்டிருந்த யாருக்கோ சிரிப்பில் புரையேறியது. ஜி.எம். அவரையே பார்த்தார்.

"நிஜமா சொல்றீங்களா?"

"அளந்து பார்த்துட்டுத்தான் சார் சொல்றேன். கஸ்டமருக்கும் இதையே எழுதி, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிடட்டுங்களா?"

ஜி.எம்.மின் முகத்தில் நான் அதுவரை கண்டிராத பயத்தைக் கண்டேன். தரப் பரிசோதனைத் தலைவர் கையெழுத்தோடு அப்படி ஒரு கடிதம் போனால் புஷ்ஷோடு கம்பெனியும் கல்லுக்குள் போய்விடும். "வேணாம். வேணவே வேணாம். இந்த விஷயம் இந்த ரூமை விட்டு வெளியே போகக்கூடாது." கல்லை ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினார். "லீவு போடுங்க. நல்லாத் தூங்குங்க."

ரூமை விட்டு வெளியே போகாத விஷயம் சாயங்காலத்துக்குள் கேன்டீனில் இருந்தது. வாசல் காவலாளி, "சார், அடுத்த வருசம் போனஸ் எவ்ளோன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று சல்யூட் அடித்தான். மாதம் முடிவதற்குள் பிரிவுக்கு வேறு தலைவர் வந்தார். இவருக்கு, பாதுகாப்பு வாரத்துக்குச் சுவரொட்டி எழுதிவைக்கும் பொறுப்பு. தலைக்கவசம் உயிர்க்கவசம் என்று எழுதிக்கொண்டிருந்தார், திருத்தமாக.

சங்கீதாவின் வேலை நிரந்தரமாயிற்று. மகள் வந்தாள், பள்ளிக்கூடம் சேர்ந்தாள். சங்கீதா அவரிடம் ஒரு வார்த்தை நன்றி சொன்னதாகத் தெரியவில்லை. அவரைக் கிண்டல் செய்த ஒருவனிடம், "அவரு பேசறது உனக்குப் புரியலன்னா மூடிக்கினு வேலயப் பாரு" என்று அவள் சீறியதை மட்டும் கேட்டிருக்கிறேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒருநாள் கம்பெனி பஸ் வரவில்லை. பஸ் நிலையத்தில் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். பதவி போனதற்கு ஆறுதலாக நான் எதையோ சொன்னேன்.

"பதவி கெடக்குது சார்" என்றார் எரிச்சலோடு. "மீட்டிங்ல சொன்ன அந்தப் பதில் நல்ல பதில். இத்தனை நாளா பத்திரமா வெச்சிருந்தேன். பொய்யான எடத்துல போட்டுட்டேன். நாளைக்கு நெஜமாவே ஒண்ணு கெடைச்சா?"

"யாரும் நம்பமாட்டாங்கன்னு பாக்கறீங்களா?"

"யாரு நம்பினா என்ன சார்? நானே எப்படி நம்புறது? வேற எந்தக் கையும் படலன்னு கடைசி வரைக்கும் தேடிப் பார்த்தாத்தான் அது நெஜம். எனக்கு இப்பத் தேடப் பயமா இருக்குது. தேடினா கடைசியில யாராச்சும் ஒருத்தி சோத்து டப்பாவோட உக்காந்திருப்பா."

நான் எதிர்ப்பக்கம் வந்து நின்ற பஸ்ஸின் பலகையை, அது எனக்கு வேண்டாத பஸ் என்று தெரிந்தும், கவனமாகப் படித்தேன். அதற்குள் தேன்கனிக்கோட்டை பஸ் வந்துவிட்டது. ஏறப்போனவர் படிக்கட்டில் காலை வைத்ததும், முகம் சுளித்து நின்று, செருப்பைக் கழற்றி உதறினார். உள்ளே குத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தார்ச்சாலையில் விழுந்து, டிங் என்று இரும்புச் சத்தத்தோடு உருண்டு போனது. அவர் குனிந்து பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டார்.